குரத்தியார் கடந்த ஆறு

மாசி மாதத்து முழுநிலவு கீழைக்கடலின் விளிம்பை விட்டு ஒரு பனை உயரம் எழுந்திருந்தது. மேற்கே கதிரவன் மறைந்த இடத்தில் செம்மை இன்னும் முற்றும் கரையவில்லை. ஒரு பக்கம் பொன்னும் மறுபக்கம் வெள்ளியுமாய் இரண்டு ஒளிகளையும் மார்பில் ஏந்திக்கொண்டு, கருமணியாறு தன் முகத்துவாரத்தில் அகன்று, தயங்கி, மணல் திட்டுகளைச் சுற்றிச் சுற்றிக் கடலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. தாழம்பூவின் மணத்தைச் சுமந்துவரும் மாலைக் காற்றில் அன்று புகை வாடையே மிகுந்திருந்தது. வடகரை நெடுகிலும் பிடவூர் அரசன் கடுந்தேவனின் மூவாயிரம் வீரர்கள் இரவு உணவுக்கு அடுப்பு மூட்டியிருந்தார்கள்.

தென்கரையில் கொற்றந்துறைக் கோட்டையின் மதில்மேல் நின்று அந்த அடுப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள் வரகுணை நாச்சியார். தந்தை இறந்து ஓராண்டுகூட நிறையாத நிலையில் அந்தச் சிறிய துறைமுக நாட்டை ஆண்டுவந்த அவளுக்கு வயது இருபத்து நான்கு. அவளுக்கு இரண்டடி பின்னால், இடைவாளின் பிடியில் கை வைத்தபடி நின்றவன் அணுக்கப் படைத் தலைவன் எயினன். அவன் கண்கள் வடகரையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தன. இரண்டில் எது அவனை அதிகம் கலக்கியது என்பதை அன்பார்ந்த வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அவன் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த மூவாயிரம் பேரை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது ஓர் ஓலை. கொற்றந்துறையில் பெருமதிப்புப் பெற்ற சைவ மடத்தின் தலைவர் ஈசானசிவர் பன்னிரண்டு நாட்களுக்கு முன் மேல்நாட்டுத் தலங்களை வணங்கப் புறப்பட்டவர், வழியிலேயே காணாமற்போனார். சில நாட்களில் அவருடைய முத்திரை பதித்த ஓலை ஊர் ஊராக வாசிக்கப்பட்டது. வரகுணை என்னை மடத்திலிருந்து விரட்டிவிட்டாள், சோனகருக்குப் பள்ளிவாசல் கட்ட நிலம் கொடுத்தாள், சமணக் குரத்தியின் கல்விச்சாலையை வளர்த்தாள், ஆகவே சிவநெறியைக் காக்கக் கடுந்தேவனிடம் அடைக்கலம் புகுந்தேன் என்று சொல்லியது அந்த ஓலை. நிலம் கொடுத்தது உண்மை. கல்விச்சாலை வளர்ந்ததும் உண்மை. விரட்டியது பொய். ஆனால் முத்திரை அவருடையதுதானே?

அந்த முத்திரை கோட்டைக்கு உள்ளேயே வேலை செய்துவிட்டது. அரசருக்காக உயிர்விடச் சூளுரைத்த வேளைக்காரப் படையினர் ஆயிரத்து இருநூறு பேரும் ஈசானசிவரிடம் தீக்கை பெற்றுச் சீடரானவர்கள். குருவுக்கு எதிராக வாள் தூக்க மாட்டோம் என்று அவர்கள் அன்று காலையில்தான் படைக்கலங்களைக் கோட்டை வாயிலில் குவித்துவிட்டுக் கண்ணீரோடு விலகிப் போனார்கள். மிஞ்சியிருந்தவர்கள் நானூறு பேர்.

கடுந்தேவனின் தூதன் பகலில் வந்து நிபந்தனைகளைச் சொல்லிச் சென்றிருந்தான். நாளைச் சூரியோதயத்துக்குள் சோனகரும் சமணரும் ஊரைவிட்டு வெளியேற்றப்பட வேண்டும். கோட்டைக் கதவு திறக்கப்பட வேண்டும். வரகுணை கடுந்தேவனின் மூன்றாவது தேவியாக வேண்டும்.

மதிலுக்குக் கீழே இருந்த மண்டபத்தில் ஆலோசனை கூடியது. அமைச்சர்கள் சுற்றி வளைத்துப் பேசினார்கள். முதல் நிபந்தனையையாவது ஏற்றுக்கொண்டால் மற்ற இரண்டுக்கும் தவணை கேட்கலாம் என்பது அவர்கள் பேச்சின் சாரம். அவர்கள் யாரைப் பற்றிப் பேசினார்களோ அந்த இருவரும் அங்கேயே அமர்ந்திருந்தார்கள். ஒருவர் காழியார் நூருத்தீன். மார்க்கக் கல்வி கற்றுச் சோனகரின் வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்லும் பதவிக்கு வருவதற்கு முன் இருபது ஆண்டுகள் மரக்கலத்தில் மாலுமியாகத் திரிந்தவர். அன்று பிற்பகல் துறையில் நின்ற மூன்று கலங்களில் வணிகர்கள் குடும்பங்களை ஏற்றத் தொடங்கியபோது, அவர் கரையில் நின்று, நாம் ஓடினால் ஊர் முழுவதும் ஓடும் என்று சொல்லி எல்லோரையும் இறங்கி வீடு திரும்பச் செய்திருந்தார். மற்றவர் குணமதிக் குரத்தியார். அறுபது வயதைக் கடந்த சமணப் பெண்துறவி. வெள்ளையாடையும் கையில் மயிற்பீலியும் அன்றி வேறு உடைமை இல்லாதவர். நடக்கும் இடத்தில் சிற்றுயிர் இருந்தால் பீலியால் மெல்ல ஒதுக்கிவிட்டே அடி வைப்பவர்.

"நாங்கள் போய்விடுகிறோம், நாச்சியார்," என்றார் காழியார். "எங்களுக்குக் கடல் இருக்கிறது. உங்களுக்கு இந்த மண் ஒன்றுதான்."

வரகுணை தலையசைத்து மறுத்தாள். "என் தந்தை கொடுத்த சொல்லை நம்பி இந்தக் கரையில் வீடு கட்டியவர்களை வெளியேற்றிவிட்டு, மிஞ்சும் சுவர்களுக்கு நான் அரசியாக இருக்க வேண்டுமா? நானூறு பேரோடு போரிடுவேன். நாளை இந்தக் கதவு உடைபடலாம், காழியாரே. உள்ளிருந்து திறக்கப்படாது."

அப்போதுதான் குரத்தியார் பேசினார்.

"அந்த ஓலையை நான் நம்பவில்லை, மகளே. ஈசானசிவரும் நானும் இருபத்து மூன்று ஆண்டுகளாகப் பட்டிமண்டபத்தில் எதிரெதிரே அமர்ந்து வாதிட்டிருக்கிறோம். என் சமயம் பிழை என்று இந்த ஊர் முழுவதும் கேட்கும்படி சொன்னவர் அவர். வாதத்தில் வெல்ல வேண்டியவளைப் படை வைத்து விரட்டும் மனிதர் அல்லர். அவர் வாயால் கேட்டால் நம்புகிறேன். வடகரைக்கு நான் போகிறேன்."

எல்லோரும் திகைத்தார்கள். அந்தத் திகைப்புக்குக் காரணம் வடகரையின் அபாயம் மட்டுமன்று. நாற்பது ஆண்டுத் துறவில் குரத்தியார் சூரியன் மறைந்தபின் அடி எடுத்து வைத்ததில்லை. இருளில் எந்த உயிரை மிதிப்போமோ என்ற அச்சம். நீரில் வாழும் உயிர்களை எண்ணித் தோணி ஏறியதும் இல்லை. அந்த நோன்பை ஊரார் அனைவரும் அறிவார்கள்.

"இன்று எத்தனை உயிர்களுக்குத் தீங்கு செய்வேனோ, அறியேன்," என்றார் அவர். "நாளைக் காலை இந்த ஆற்றில் சாகப்போகிறவர்களை அறிவேன். நான் செய்வது பிழைதான். பிழை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள மாட்டேன். சுமந்துகொள்கிறேன்."

காழியார் எழுந்து நின்றார். இரவில் அந்த மணல் திட்டுகளுக்கு இடையே தோணியைச் செலுத்தத் தம்மைவிடத் தெரிந்தவர் ஊரில் இல்லை என்றும், சுக்கான் தம் கையில்தான் இருக்கும் என்றும் சொன்னார். துடுப்புப் போடுகிறவனாக எயினன் புறப்பட்டான். கவசத்தைக் களைந்து, முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டிய ஒற்றை வேட்டியோடு படித்துறையில் இறங்கியவனை வரகுணை தடுத்து நிறுத்தினாள். படைத்தலைவன் கோட்டையை விட்டுப் போவது முறையா என்று கேட்க நினைத்தாள் போலும். ஆனால் வாயில் வந்த சொல் வேறு.

"எனக்காகத் திரும்பி வாரும்," என்றாள்.

எயினன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவ்வளவு காலமும் காத்துவந்த அடக்கத்தை அந்த ஒரு கணம் அவன் மறந்துவிட்டான். "வருவேன்," என்று மட்டும் சொல்லித் தோணியைத் தள்ளினான்.

நிலவொளியில் தோணி நழுவிச் சென்றது. குரத்தியார் நடுவில் கண் மூடி அமர்ந்திருந்தார். ஒவ்வொரு துடுப்புக்கும் நீர் பிளக்கும் ஓசை கேட்டபோதெல்லாம் அவர் உதடுகள் அசைந்தன. தம்மால் துன்புறும் உயிர்களிடம் அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். வடகரையில் இறங்கியதும் காவலர்கள் வேலோடு சூழ்ந்துகொண்டார்கள். காழியார் அவர்களிடம் பொறுமையாக, மாலைத் தொழுகைக்குரிய நேரம் முடியப்போகிறது, அதை முடித்துக்கொண்டு வருகிறேன் என்றார். வேல்முனைகளுக்கு நடுவே ஈர மணலில் மேலாடையை விரித்து, மேற்கே முகம் திருப்பி அவர் தொழுது முடிக்கும்வரை அந்த வீரர்கள் ஏனோ அசையாமல் நின்றார்கள்.

பாசறையின் நடுவில் பந்தங்கள் எரிந்தன. கடுந்தேவன் உயர்ந்த ஆசனத்தில் வீற்றிருந்தான். நாற்பது வயது இருக்கும். அழகிய முகம், அமைதியான பேச்சு. படைத்தலைவர்கள் இரு மருங்கும் அமர்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் விழுப்பரையர். இரண்டாயிரம் வீரர்களுக்குத் தலைவரான அவர் நெற்றி நிறைய நீறணிந்து, ஈசானசிவரை நேரில் கண்டிராவிட்டாலும் அவர் பெயரைக் கேட்டதற்காகவே இந்தப் போருக்கு வந்தவர்.

குரத்தியார் தாம் வந்த காரியத்தைச் சபை நடுவே சொன்னார். ஈசானசிவரைப் பார்க்க வேண்டும். தாம் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று அவர் வாயால் சொன்னால், விடிந்ததும் மாணாக்கியரோடு கிளம்பிவிடுவதாக வாக்களித்தார். காழியாரும் அவ்வாறே வாக்களித்தார்.

கடுந்தேவன் கைகூப்பினான். சிவர் போர் முடியும்வரை மௌன விரதம் பூண்டிருக்கிறார் என்றும், யாரையும் சந்திப்பதில்லை என்றும் வருத்தத்தோடு தெரிவித்தான்.

"நாங்களும் இன்னும் தரிசிக்கவில்லை," என்றார் விழுப்பரையர் மெதுவாக. "போருக்கு முன் ஒருமுறை அவர் திருமுகத்தைப் பார்க்க என் வீரர்கள் ஏங்குகிறார்கள். பேச வேண்டாம். பார்த்தால் போதும்."

மற்றத் தலைவர்களும் அதையே முணுமுணுத்தார்கள். மறுத்தால் ஐயம் எழும் என்று கடுந்தேவன் கணத்தில் உணர்ந்திருக்க வேண்டும். அவன் ஏவலனிடம் கண்காட்ட, எதிரே இருந்த கூடாரத்தின் திரை விலகியது. உள்ளே, ஒற்றை விளக்குக்குப் பின்னால், சடைமுடியும் உருத்திராக்கமும் முகம் மறையப் பூசிய திருநீறுமாய் ஒருவர் கண் மூடி அமர்ந்திருந்தார். விழுப்பரையரும் மற்றவர்களும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கினார்கள்.

குரத்தியார் வணங்கவில்லை. சில கணங்கள் உற்றுப் பார்த்தார். பிறகு, அந்தப் பாசறை முழுவதும் கேட்கும்படி, பட்டிமண்டபத்தில் பேசிப் பழகிய அந்தக் குரலை உயர்த்தினார்.

"சிவரே, சென்ற ஐப்பசியில் நம் வாதம் பாதியில் நின்றது. இப்போது முடிக்கிறேன். இந்த உலகைப் படைத்தவன் ஒருவன் இல்லை. உண்டு என்றால் எந்தக் கையால் படைத்தான்? கையே இல்லாதவன் என்றால் படைத்தது எப்படி? கை உண்டு என்றால் அந்தக் கையைப் படைத்தவன் யார்? உயிர்களுக்கு இன்பமும் துன்பமும் அவரவர் வினையால் வருகின்றன. வினையே போதும். கடவுள் வேண்டியதில்லை."

விளக்குக்குப் பின்னால் இருந்தவர் அசையவில்லை. குரத்தியார் தலைவர்களை நோக்கித் திரும்பினார்.

"இவர் ஈசானசிவர் அல்லர். ஆயிரம் மௌன விரதம் பூண்டிருந்தாலும் இந்த வார்த்தைக்கு மறுமொழி சொல்லாமல் அவரால் இருக்க முடியாது."

சபையில் சலசலப்பு எழுந்தது. கடுந்தேவன் சீற்றத்தோடு எழுந்து, சிவநிந்தை செய்தவளைப் பிடியுங்கள் என்று உத்தரவிட்டான். காவலர்கள் முன்னே வந்தார்கள். அந்த வேளையில், பாசறையின் பின்புறத்து இருளிலிருந்து, கரகரத்து உடைந்த ஒரு கிழக்குரல் கேட்டது.

"வினை சடம், குரத்தியாரே! தன்னைத் தானே அறியாதது சடம். இன்னாருக்கு இன்ன பயன் என்று அறிந்து கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி? சேர்ப்பிக்க அறிவுள்ள ஒருவன் வேண்டாமா?"

காழியாரின் முகத்தில் அந்த நெருக்கடியிலும் புன்னகை தோன்றியது. குரத்தியாரின் கண்கள் நிறைந்துவிட்டன.

வாசகர்களே, இதற்குள் எயினன் எங்கே இருந்தான் என்பதைச் சொல்லியாக வேண்டும். அவனைத் தோணியோடு நிறுத்திக் காவலிருந்த வீரர்கள் குரத்தியாரின் குரல் கேட்டுக் கூட்டத்தை நோக்கி ஓடியபோது, அவன் துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூடாரங்களின் பின்பக்கமாக நடந்தான். வைக்கோற்போர்களுக்கு அருகே ஒரு கொட்டகை. அதன் வாசலில் வேற்றுநாட்டுக் கூலிவீரர் இருவர். வைக்கோலைக் காக்க இருவர் எதற்கு என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து அந்தக் குரல் எழுந்தது. காவலர் இருவரும் கிழவரின் வாயைப் பொத்த உள்ளே பாய்ந்தார்கள், எயினனும் பாய்ந்தான். துடுப்பின் முதல் வீச்சில் ஒருவன் சாய்ந்தான். மற்றவனின் குறுவாள் எயினனின் வலத் தோளைக் கிழித்தது. இருவரும் வைக்கோலில் புரண்டார்கள். கடைசியில் எழுந்தவன் எயினன்.

இரத்தம் வழியும் கையோடு அவன் ஈசானசிவரைத் தாங்கிப் பந்த ஒளிக்குள் கொண்டுவந்தபோது வீரர்கள் பந்தங்களை உயர்த்தி அந்த முகத்தைப் பார்த்தார்கள். எழுபது வயதுக் கிழவர் எலும்பும் தோலுமாகியிருந்தார். வழியில் தம்மைப் பிடித்தார்கள், முத்திரை மோதிரத்தைப் பிடுங்கினார்கள், ஓலையைத் தம் வாயால் மக்களுக்கு வாசிக்கும்படி வற்புறுத்தினார்கள், மறுத்துப் பத்து நாட்களாக உணவைத் தொடவில்லை என்று திணறித் திணறிச் சொன்னார். பாசறையில் எல்லோரும் ஒரே சதியில் இருப்பதாக எண்ணியதால் இதுவரை குரல் கொடுக்கவில்லை.

"என் பெயரைச் சொல்லி ஓர் ஊரை எரிக்க வந்தீர்களே," என்றார் விழுப்பரையரைப் பார்த்து. "நான் கேட்டேனா? என்னிடம் ஒருவராவது கேட்டீர்களா?"

விழுப்பரையர் வாளை உருவிக்கொண்டு போய்க் குரத்தியாருக்கும் கடுந்தேவனுக்கும் நடுவில் நின்றார். தம் இரண்டாயிரம் பேரும் இப்போதே வீடு திரும்புவதாக அறிவித்தார். அவரைத் தொடர்ந்து மற்றத் தலைவர்களும் எழுந்தார்கள். கடுந்தேவனோடு எஞ்சியவர்கள் முந்நூறு கூலிவீரர்களே. ஆனால் மற்றவர்கள் கூடாரங்களைப் பிரிக்கக் கலைந்த வேளையில், அந்த முந்நூறு பேரின் வில்கள் நால்வரையும் ஆற்றுவரை துரத்தின. தோணி நடு ஆற்றை அடைவதற்குள் அம்புகள் பலகையில் தைத்தன. ஓர் அம்பு காழியாரின் தலைப்பாகையைக் கொண்டுபோயிற்று. அவர் குனியவும் இல்லை, சுக்கானை விடவும் இல்லை. அலை உடையும் திட்டின்மேலேயே தோணியை ஏற்றி மறுபுறம் இறக்கினார். பின்தொடர்ந்த இரண்டு ஓடங்கள் மணலில் சிக்கி நின்றுவிட்டன. எயினன் ஒற்றைக் கையால் துடுப்பிட்டான். ஈசானசிவர் காழியாரின் மேலாடையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்.

மறுநாள் கதிரவன் எழுந்தபோது வடகரையில் அடுப்புகள் அணைந்து கிடந்தன. பொழுது புலர்ந்து அடி வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரிந்ததும், குணமதிக் குரத்தியார் மேற்கு வாயில் வழியாக வெளியேறினார். நோன்பு முறிந்ததற்கு, எட்டு நாள் நடைத் தொலைவில் ஒரு குன்றில் வாழும் தம் ஆசிரியரிடம் தண்டனை ஏற்கப் போவதாகச் சொன்னார். ஊரைக் காத்தவருக்குத் தண்டனையா என்று வரகுணை தடுத்தபோது, காத்ததற்காக வருந்தவில்லை, முறித்ததற்காகப் போகிறேன் என்றார். ஈசானசிவர் படுக்கையை வாயில்வரை தூக்கிவரச் செய்து, அவர் கண்ணுக்கு மறையும்வரை கைகூப்பியபடி இருந்தார்.

குரத்தியார் போனபின் கோட்டை முற்றத்தில் ஆரவாரம் எழுந்தது. வேளைக்காரர் ஆயிரத்து இருநூறு பேரும் குருவைக் கண்டதும் கதறியழுது படைக்கலங்களை மீண்டும் எடுத்திருந்தார்கள். ஒற்றர்கள் செய்தி கொண்டுவந்தார்கள்: கடுந்தேவன் முந்நூறு பேரோடு இரு காத தூரத்தில் ஓடைச் சேற்றில் வண்டிகள் புதைந்து தவிக்கிறான், நண்பகலுக்குள் பிடித்துவிடலாம். குருவைச் சித்திரவதை செய்தவனைக் கொன்று, பிடவூரைக் கொளுத்தி, சிவத்துரோகத்துக்குப் பழிதீர்க்க வேண்டும் என்றார்கள் வேளைக்காரர். ஒரு சொல் தாருங்கள் என்று ஈசானசிவரின் படுக்கையைச் சூழ்ந்து மண்டியிட்டார்கள்.

அவர் அவர்களை நோக்கித் தலையை உயர்த்தினார். "அவனும் இதே சொல்லைத்தான் என்னிடம் கேட்டான்," என்றார். "பத்து நாள் பட்டினி கிடந்து அவனுக்குத் தராததை, நீங்கள் என் பிள்ளைகள் என்பதற்காக உங்களுக்குத் தருவேனா?"

வீரர்கள் தலை கவிழ்ந்தார்கள். ஆயினும் எழவில்லை. அவர்கள் பார்வை இப்போது வரகுணையிடம் சென்றது. அரசி கட்டளையிட்டால் குருவின் சொல் தேவையில்லை அல்லவா?

வரகுணையின் கை வாள்பிடியில் இருந்தது. கடுந்தேவன் உயிரோடு போனால் மீண்டும் வருவான் என்பதை அவள் அறிவாள். அவன் அனுப்பிய மூன்றாவது நிபந்தனையை நினைத்தபோது அவளுக்கு இன்னும் உடல் எரிந்தது. பழிதீர்க்க அவளுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவள் முற்றத்தின் நடுவே வந்து நின்றாள்.

"வேளைக்காரரே, கேளுங்கள். கடுந்தேவன் மீண்டும் வந்து என் மதிலைத் தொட்டால், என் எல்லையைக் காக்க நானே முன்னின்று போரிடுவேன். அது அரசியின் கடமை. ஆனால் சிவனுக்காக, அருகனுக்காக, அல்லாவுக்காக என்று சொல்லி ஒரு வாளும் இந்தக் கோட்டையிலிருந்து வெளியே போகாது. நான் உயிரோடு இருக்கும்வரை போகாது. என் சொல்லை மீறி ஒருவர் உருவினால், அந்த வாள் முதலில் என் கழுத்தைக் கடந்து போகட்டும். என் தந்தையின் நடுகல்மேல் ஆணை. இந்தக் கருமணியாற்றின்மேல் ஆணை."

கடல் அலையின் ஓசை மதிலுக்கு அப்பால் கேட்டது. காழியார் முதலில் தலைதாழ்த்தினார். பிறகு எயினன் முன்னே வந்தான். வலத்தோளில் கட்டுப்போட்டிருந்ததால் இடக்கையால் தட்டுத்தடுமாறி வாளை உறையோடு கழற்றி அவள் காலடியில் வைத்தான். அதன்பின் ஒவ்வொருவராக, மூத்தவரும் இளையவரும், முணுமுணுப்போடும் கண்ணீரோடும், ஆயிரத்து இருநூறு வாள்களும் தரையில் படிந்தன.

வரகுணை குனிந்து எயினனின் வாளை எடுத்து, அவனுடைய இடக்கையில் திருப்பிக் கொடுத்தாள். கொடுத்தபின் அந்தக் கையை அவள் விடவில்லை. அமைச்சர்களும், படையும், ஈசானசிவரும் காழியாரும் பார்த்துக்கொண்டிருக்க, அப்படியே பற்றிக்கொண்டு நின்றாள்.